கரடி மணி

என் சமையலறை லாச்சியில், பழைய பற்றரிகளுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவே, ஒரு கரடி மணி கிடக்கிறது. கரடியின் கழுத்தில் கட்டுவதல்ல. கரடி உலாவும் காட்டில் நடக்கிற மனிதர் தம் பையில் கட்டிக்கொள்வது. ஆள் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கரடி தன்பாட்டில் விலகிப் போய்விடுமாம். சலங்கையில் ஒரு மணியைக் கழற்றிக் கொஞ்சம் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஓர் உருண்டை. உள்ளே இரும்புக் குண்டு, மேலே சிவப்பு நாடா. கூடவே ஒரு சின்னக் காந்தமும் உண்டு. அதை மணியின் அடியில் ஒட்டிவிட்டால் குண்டு உள்ளுக்குள் பிடிபட்டுப்போகும். எவ்வளவு குலுக்கினாலும் சத்தம் வராது. கொலோனில் கரடிக்கு நான் எங்கே போவேன்? இருந்தும், மூன்று வீடு மாறிய பிறகும் இதை எறியவில்லை. ஆசையில் வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எறிந்தால் எங்காவது விழுந்து அடித்துவிடுமோ என்ற பயம்தான்.

இதைத் தந்தவள் கல்கரியில் வோன்மொபீல் வாடகைக்கு விடும் இடத்திலிருந்த ஒரு பெண். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அடங்கிய வீட்டு வானை ஜேர்மனியில் வோன்மொபீல் என்போம். அதில் கனடாவின் மேற்கு மலைக்காடுகளுக்குள் போவது இங்கே பலருக்கு ஓர் ஆயுட்காலக் கனவு. என்னோடு வேலை செய்தவர்கள் கேள்விப்பட்டுப் பெருமூச்சு விட்டார்கள். போனவர்கள் நானும் என் அண்ணியும் மட்டும். மலை பார்க்கப் போகவில்லை. என் அண்ணனைத் தேடிப் போனோம்.

அண்ணன் யாழ்ப்பாணத்தில் ஒரு காலை சைக்கிளில் பாண் வாங்கப் போனவர். கடைக்குப் போய்ச் சேரவுமில்லை, வீட்டுக்குத் திரும்பவுமில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் பலர். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது வழக்கம்போல மூன்று தரம் மணி அடித்தார் என்று அண்ணி சொல்வார். கலியாணமான நாளிலிருந்து அவர் 'போட்டு வாறன்' என்று வாயால் சொன்னதில்லையாம்; அந்த மூன்று மணிதான். சில வருடம் கழித்து அண்ணி என்னிடம் கொலோனுக்கு வந்து சேர்ந்தார். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன. நான் எந்த அன்ட்ராக் படிவம் நிரப்பிக் கொடுத்தாலும், விதவை என்ற கட்டத்தில் என் பேனை தவறியும் பட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்.

திவசத்தன்று காகத்துக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது எங்கள் வழக்கம். செத்தவரே காகமாய் வந்து சாப்பிட்டுப் போகிறார் என்பது நம்பிக்கை. அண்ணனுக்கு அண்ணி ஒருநாளும் சோறு வைக்கவில்லை. "உயிரோடை இருக்கிற மனிசனுக்கு நான் ஏன் காகத்துக்கு வைக்க?" என்பார். எனக்கு எரிச்சல் வரும். நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. நானும் அவரின் கூடப்பிறந்த தங்கச்சிதானே. ஒருமுறை வாய்விட்டு அழுது முடித்துவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. அதற்கும் இவர் விடவில்லையே என்று உள்ளூரக் கோபப்பட்டிருக்கிறேன். அண்ணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பேக்கரியில் வேலை செய்த நல்ல மனிதர் ஒருவர், மனைவியை இழந்தவர், அண்ணியிடம் பேசிப் பார்க்கச் சொல்லி என்னிடம் கூச்சத்தோடு கேட்டிருந்தார். நான் பேச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்த இடத்தில், கால்வாய்க் கரையில், தூரத்து உறவான ஓர் அண்ணை தன் கனடாப் பயணத்துப் படங்களைக் காட்டினார். மலை, ஏரி, மலை, ஏரி என்று நான் கொட்டாவியோடு புரட்டிக்கொண்டிருக்க, ஒரு படத்தில் அண்ணியின் கை நின்றுவிட்டது. தெருவோரத்துப் பெற்றோல் நிலையம். அதன் கண்ணாடிக்குள் ஓர் ஆண், முகம் நிழலில். ஒரு கையை மடக்கித் தலையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "அவர்தான். யோசிக்கேக்கை இப்பிடித்தான் நிக்கிறவர்," என்றார் அண்ணி. அந்த அண்ணைக்கு அங்கே ஆள் நின்ற நினைவே இல்லை. அண்ணிக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை. நானும் யோசித்தேன்: போவோம், பார்ப்போம், இல்லை என்று கண்ணால் கண்டால்தான் இவர் ஆறுவார். வெளிச்சாப்பாடு அண்ணிக்கு ஆகாது, சுத்த சைவம். அதனால்தான் அடுப்போடு கூடிய வான். முதியோர் இல்லங்களுக்குச் சாப்பாட்டு வான் ஓட்டுவது என் வேலை என்பதால் ஓடுவதில் எனக்குப் பயமிருக்கவில்லை.

கல்கரியில் அந்தப் பெண் எனக்கு வானைக் காட்டிக்கொண்டிருந்த நேரம், அண்ணி நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்: ஒரு பருக்கைச் சாப்பாடும் வெளியே வைக்கக்கூடாது, கரடி வரும். பிறகு மணியைத் தந்தாள். காந்தத்தை ஒட்டியும் கழற்றியும் காட்டி, வானுக்குள் இருக்கும்வரை ஒட்டியே வைத்திரு, இல்லாவிட்டால் சத்தத்தில் பைத்தியம் பிடிக்கும் என்று சிரித்தாள். நான் அதை என் பக்கத்துக் கதவின் பைக்குள் போட்டேன். தேசிக்காய்கள் நசுங்க, புறப்பட்டோம்.

அந்தக் கோடை அங்கே காடு எரிந்துகொண்டிருந்தது. நெருப்பை நாங்கள் எங்கேயும் காணவில்லை; புகையை மட்டும் கண்டோம். படங்களில் பார்த்த மலைகள் ஒன்றும் அங்கே இல்லை. சாம்பல் நிறத் திரை ஒன்று இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டே கூட வந்தது. நடுப்பகலில் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. குங்குமப் பொட்டளவில் சிவப்பாய் நின்றது. வானின் கண்ணாடியில் சாம்பல் திருநீறு மாதிரி மெல்லப் படிந்தது. சத்தம் என்று ஒன்றில்லை. ஒரு மணித்தியாலம் ஓடினாலும் எதிரே வாகனம் வராது. சில வேளை மான்கள் தெருவின் நடுவே வந்து நிற்கும். ஓடாது. எங்களை அல்ல, எங்களுக்குப் பின்னால் எதையோ பார்ப்பது போலப் பார்க்கும். இரண்டு தரம் நான் பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டேன். வெறும் தெருதான்.

இரண்டாம் நாள் ஒரு தேநீர்க் கடையில் படத்தைக் காட்டினோம். கடைக்காரி மூக்குக்கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆம், இவரைத் தெரியும். மேற்குப் பக்கம் போய்விட்டார்," என்றாள். அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. முகமே தெரியாத ஒரு படத்தில் அவள் எதைக் கண்டாள்? எங்கள் நிறத்தில் வருடத்துக்கு ஓர் ஆளைப் பார்த்திருப்பாள். மனம் நோகக்கூடாதென்று சொல்லியிருப்பாள். அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். இருந்தும் அதற்குப் பிறகு தெருவோரம் நின்ற ஒவ்வொரு மரக்குற்றியும் எனக்கு ஆளாகத் தெரிந்தது.

நான்காம் நாள் முற்பகலில் அந்தப் பெற்றோல் நிலையத்தைக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. நெருப்பு நெருங்குகிறதென்று அந்தப் பக்கத்துச் சனத்தையே எழுப்பி அனுப்பியிருந்தார்கள். பிற்பகலுக்குள் நாங்களும் திரும்பிவிட வேண்டும் என்று வழியில் ஒரு காவலர் சொல்லியிருந்தார். அண்ணி வானிலிருந்து இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். வெறும் தட்டுகள், ஒரு கதிரை. நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எடுத்தவர் நின்ற இடத்தைத் தேடி முன்னும் பின்னும் நடந்தேன். சரியான இடத்தில் நின்று, படத்தை ஒற்றைக் கையால் கண்ணுக்கு நேரே தூக்கியபோது, எதிரே கண்ணாடிக்குள் ஓர் ஆள் கையை மடக்கித் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்தான் அது. கமெராவைக் கண்ணில் வைத்து நின்ற அந்த அண்ணையின் நிழலைத்தான் நாங்கள் கடல் கடந்து தேடி வந்திருந்தோம்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழவுமில்லை அவர். வானுக்குள் ஏறி அடுப்பை மூட்டினார். சோறு, பருப்பு, அண்ணனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறி. எல்லாவற்றையும் ஒரு பேப்பர்த் தட்டில் போட்டுக்கொண்டு இறங்கினார். "அண்ணி, கரடி வரும். வெளியிலை வைக்க வேண்டாமெண்டு சொன்னவை," என்றேன். "வந்தால் வரட்டும்," என்றார். "காகம் திண்டால் இந்தப் பொட்டை இண்டைக்கே அழிக்கிறன். தின்னாட்டி இனி என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கக்கூடாது, மச்சாள். நீரும்தான்."

நிலையத்துக்கு முன்னால் ஒரு மேசைக்கல் போலப் பாறை இருந்தது. அதற்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அங்கால் புகைக்குள் காடு. பாறையில் தட்டை வைத்துவிட்டு அண்ணி பத்தடி தள்ளி, எனக்கு முதுகு காட்டி நின்றார். "கா, கா" என்று கூப்பிட்டார். அந்த வெளியில் அந்தக் குரலைக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. நாலு நாளாக ஒரு பறவையையும் காணாத எங்கள் முன்னால், எங்கிருந்து வந்தனவோ, அண்டங்காகங்கள் இறங்கின. ஊர்க் காகத்தைப் போல இரண்டு மடங்கு. ஒன்று, மூன்று, ஏழு. கத்தவில்லை, அடிபடவில்லை. பாறையைச் சுற்றி வரிசையாய் நின்றன. பெரியது ஒன்று தட்டின் விளிம்பில் ஏறிச் சோற்றைப் பார்த்தது. பிறகு தலையைச் சரித்து அண்ணியைப் பார்த்தது. அண்ணியின் கை மெல்ல நெற்றிக்குப் போனது.

இத்தனை வருடம் நான் கேட்டு நின்றது இதைத்தான். இது முடிந்தால் அண்ணிக்கு ஒரு வாழ்க்கை, எனக்கு ஒரு அழுகை. ஆனால் அந்தக் கை நெற்றியைத் தொடப் போனபோது என்னால் தாங்க முடியவில்லை. என் அண்ணன் அந்த நிமிடம்தான் சாகப்போகிறார், அதை நான் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேன் என்று பட்டது. வானுக்குப் பின்னால் ஒதுங்கி, கதவுப் பையிலிருந்து எடுத்த மணியை ஒரே ஒரு தரம், தோள் நோக, குலுக்கினேன். ஏழு காகமும் ஒன்றாய் எழும்பின. அந்த இறகடிப்பில் காது அடைத்தது. தட்டில் ஒரு பருக்கையும் குறையவில்லை.

மணியைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு நான் நிற்க, அண்ணி வானைச் சுற்றி ஓடிவந்தார். ஊரிலும் கண்டிராத ஒரு முகம்.

"மச்சாள், கேட்டதே? மணி!"

"என்ன மணி, அண்ணி?"

"சைக்கிள் மணி. ஆத்துக்கு அங்காலை. மூண்டு தரம். நீர் கேக்கேல்லையே?"

"கேட்டது," என்று சொல்லிவிட்டேன். என் மணி சலங்கைச் சத்தம் போடுவது. நான் குலுக்கியது ஒரு தரம். நின்றது ஆற்றுக்கு இந்தப் பக்கம். புகை மூட்டத்தில் சத்தம் மாறிக் கேட்டிருக்கும், ஆசை அதை மூன்றாக்கியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அண்ணி சோற்றை அள்ளித் திரும்ப வானுக்குள் கொண்டுபோய், இரண்டு தட்டில் போட்டு, எனக்கும் தந்து தானும் சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார். நான் வானை எடுப்பதற்கு முன், மணியைக் காட்டுக்குள் வீசிவிடலாம் என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அடியில் காந்தம் ஒட்டியபடி இருந்தது. கல்கரியில் அந்தப் பெண் ஒட்டித் தந்த நாளிலிருந்து அதை நான் கழற்றவே இல்லை.

அந்த மாரியில் பேக்கரிக்காரருக்கு, சரிவராது என்று நான்தான் சொன்னேன். ஊரில் சண்டை ஓய்ந்தது, பிடிபட்டவர், செத்தவர் என்று பட்டியல்கள் வந்தன, எதிலும் அண்ணன் பெயர் இல்லை. அண்ணிக்கு இப்போது தலை முழுக்க நரை. பொட்டு மட்டும் அதே அளவு. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். எதைச் சொல்வது? மணி அடித்தது நான்தான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நான் அடிக்கவில்லை என்று சொன்னால், அடித்தது யார் என்று அவர் கேட்பாரே. காந்தத்தை ஒட்டிக்கொண்டு இந்தச் சமையலறையில் நூறு தரமாவது குலுக்கிப் பார்த்திருப்பேன். ஒரு சின்னச் சத்தமும் வராது.

போன ஞாயிறு அண்ணி வந்திருந்தார். நெருப்புப் பெட்டி தேடி லாச்சியைக் கிளறியவர், சிவப்பு நாடாவைப் பிடித்து அதை வெளியே எடுத்தார். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார். திருப்பிப் பார்த்தார், மறுபடி குலுக்கினார்.

"என்ன மணி இது, மச்சாள்? அடிக்காது போலை கிடக்கு."

"ஓம் அண்ணி," என்றேன். "அது அடிக்கவே இல்லை."