இரண்டாவது போத்தல்

திரேசம்மா மன்னாரிலிருந்து போருக்குத் தப்பிக் கற்பிட்டிக்கு வந்தபோது கொண்டுவந்தவை ஒரு புருசனும் ஒரு மகளும். புருசன் குடித்தே செத்தார். அவர் படலையைத் திறக்கும்போதே கள்ளா, கசிப்பா, சாராயமா என்று குசினிக்குள் நின்று சொல்லப் பழகியிருந்தது திரேசம்மாவின் மூக்கு. பிறகு மாதா கோயில் சாமியார் ஒருவர் தங்கும் அறைவீட்டில் ஆறு வருசம் சமைத்தார். அறுபத்தொரு வயதில், வெள்ளைக்காரர் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் ஒரு ஹோட்டலில் சமையல்காரி. அங்கே பார் நிலுக்சனின் பொறுப்பு. மகள் சுலக்சனாவின் புருசன் அவன்.

போன ஆவணியில் அந்த ஹோட்டலில் விஸ்கி ருசி பார்க்கும் நிகழ்ச்சி வைத்தார்கள். கொழும்பிலிருந்து பாலச்சந்திரன் என்ற நிபுணர் வந்தார். அவர் அனுப்பிய இரண்டு போத்தல்களும் இரண்டு நாள் முன்னதாகவே பாருக்கு வந்துவிட்டன.

பின்னேரம் எட்டு வெள்ளைக்காரர் கிளாசுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். பாலச்சந்திரன் அத்திப்பழம் என்றார், பழைய தோல் என்றார். பொரித்த கணவாயோடு வந்த திரேசம்மாவிடம் பகிடியாக ஒரு கிளாசை நீட்டினார்.

"அம்மாவும் ஒருக்கா பாருங்க."

திரேசம்மா கிளாசை மணந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

"கருவாடு காயப்போடுற வாடி எரிஞ்ச மணம், ஐயா. பின்னால பூசை வைன் வருது."

பாலச்சந்திரனின் முகம் மாறியது. "இந்த விஸ்கி சிவப்பு வைன் பீப்பாயில வச்சதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. சாமியாருக்குச் சமைக்கேக்க நாள் தவறாம ருசி பாத்தனான்."

பாலச்சந்திரன் அதை இங்கிலிசில் சொன்னதும் வெள்ளைக்காரர் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். உடனே விலை கூடிய இரண்டாவது போத்தலிலிருந்தும் திரேசம்மாவுக்கு ஊற்றினார்கள்.

மணந்தவுடனே திரேசம்மாவுக்கு விளங்கிவிட்டது. புகை கொஞ்சம் இருந்தது. மிச்சம் சாராயமும் வெறும் தேத்தண்ணியும். பாரைப் பார்த்தார். நிலுக்சன் காய்ந்த கிளாசை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தான்.

மருமகனைக் காட்டிக்கொடுத்தால் வேலை போகும். பிறகு அவன் நாள் முழுக்க வீட்டில் கிடப்பான். அதை நினைக்கவே திரேசம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"இதுதான் ஐயா திறம். மற்றதெல்லாம் சும்மா."

பாலச்சந்திரன் கண்ணை மூடிச் சுவைத்துவிட்டு, "ஓம், இதில ஒரு ஆழம் இருக்கு," என்றார். வெள்ளைக்காரரும் தலையாட்டினார்கள். அந்தப் போத்தலின் மிச்சத்தைப் பாலச்சந்திரனே கொழும்புக்குக் கொண்டுபோனார்.

எல்லாரும் போனபிறகு நிலுக்சன் குசினிக்கு வந்து நின்றான்.

"மாமி, சுலக்சனாட்டச் சொல்லிப்போடாதீங்க."

"குடிச்சது குடிச்சாய். பெத்த மகளைத் தந்தவளுக்கு ஒரு வாய் வைக்கத் தோணேல்லையோ?"

 அவன் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். திரேசம்மா மணந்து பார்த்தார். சாராயம் கலக்காத அசல் விஸ்கி. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.