வண்டுகளுக்குப் போட்ட அரிசி

ரேஷன் அரிசிக்கு ஊரே அலைந்த யுத்த காலம். ராயபுரம் கிடங்கு ஒன்றில், அரிசியை வண்டு அரிக்காமல் காக்கும் ஆராய்ச்சியில் இருந்தேன். சோதனைக்காகக் கண்ணாடி ஜாடிகளில் நல்ல அரிசி போட்டு வண்டு வளர்த்தேன்.

கிடங்கு பெருக்கும் அஞ்சலை ஒருநாள் அவற்றைப் பார்த்து நின்றாள்.

"பூச்சிக்குத் துன்ன போட்டுகினு கீறியே சார்! எம் பொண்ணு ரெண்டு நாளா பட்டினி. ஒரு பிடி குடு, கஞ்சி காச்சிக்கிறேன்."

"அளந்து வெச்ச அரிசிம்மா. எடுத்தா ஆராய்ச்சி கெட்டுடும்" என்றேன்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான்கு நாளாக வேலைக்கு வரவில்லை. மனசு கேட்காமல் ஒரு படி அரிசியோடு அவள் குடிசைக்குப் போனேன்.

"இனிமே இன்னாத்துக்கு சார்? நேத்துதான் பொதச்சோம்" என்றாள்.

ஆராய்ச்சி வெற்றிபெற்றது. பாராட்டினார்கள். அவள் கேட்ட அன்று ஜாடிகளுக்குப் பக்கத்திலேயே, அளக்காத அரிசி அரை மூட்டை இருந்ததை யாரிடமும் நான் சொன்னதில்லை.