தவமணி மச்சாள் வாய் திறந்து சிரித்த கதை

போன செவ்வாய்க்கிழமை காலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மகன் சுதன் தொலைபேசியில் அழைத்தான்.

"அம்மா, தவமணி மாமி மோசம் போயிட்டா."

"விழுந்தவவோ?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லையம்மா. காலமைச் சாப்பாடு முடிச்சு, மாத்திரையும் போட்டிட்டுச் சாய்மனைக் கதிரையிலை நித்திரையாப் போனவ. எழும்பேல்லை."

கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சந்நிதி முருகனைக் கும்பிட்டேன். என் கணவரின் தங்கை கிணற்றிலும் விழாமல், அடுப்பிலும் விழாமல், நித்திரையில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆறுதல் முந்திக்கொண்டது. அழுகை பிறகுதான் வந்தது.

நான் வட்டுக்கோட்டைக்கு மருமகளாக வந்தபோது மச்சாள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் பூப்பறித்துக்கொண்டு நின்றவர் செவ்வரத்தை மரத்தடியில் விழுந்தார். கை கால் உதறியது. மாமியார் ஓடிப்போய்ப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தார். வலிப்பு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். கலியாணம் பேசும்போது ஒருவரும் சொல்லவில்லை. அது வேறு கதை, அதையும் நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரி மாத்திரையால் வலிப்பு அடங்கியது. ஆனால் வருடங்கள் போகப் போக முரசு வளரத் தொடங்கியது. முரசு என்றால் பல்லைப் பிடித்திருக்கும் ஈறு. அது தடித்துப் பல்லின் மேலே இறங்கி, கடைசியில் முன்பற்களின் நுனி மட்டுமே தெரிந்தது. பல் தீட்டினால் இரத்தம். மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கப் பழகினார். நல்ல பகிடிக்காரி. "அண்ணை வைச்ச குழம்பைக் காகத்துக்கு வைச்சன் மச்சாள். அது என்னை ஒருக்கால் பாத்திட்டுப் பறந்து போச்சு" என்பார். பகிடி சேலைக்குள்ளிருந்து வரும். சிரிப்பும் அங்கேயே நின்றுவிடும்.

என் கணவரின் பெரியம்மா ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறார். பெயர் எழுத வேண்டாம் என்று மகன் சொல்கிறான், எழுதவில்லை. வாசித்தால் அவருக்கே விளங்கும். அவர் மகளின் கலியாண வீட்டில் எல்லோருக்கும் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார். மச்சாளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப் ஒன்றை நீட்டினார். "இதிலை குடி பிள்ளை. குடிச்சிட்டு எறிஞ்சுவிடு. வாய் வருத்தம், ஒட்டினாலும் ஒட்டும்." அன்று பெரியம்மா கட்டியிருந்தது கடுகு நிறக் கூறைக்கரைச் சேலை. மச்சாள் அதில் குடித்தார். நான் என் கோப்பையைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மச்சாள் ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் விழுந்தார். கல்லில் நெற்றி பிளந்தது. இன்னும் ஓரடி தள்ளி விழுந்திருந்தால் கிணறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தவரிடம் கேட்டேன்.

"மாத்திரையை விட்டனீரோ?"

"ஓம் மச்சாள். மாத்திரையாலைதான் முரசு வளருதெண்டு ஆரோ சொல்லிச்சினம். விழுந்தாலும் பரவாயில்லை, வாயெண்டாலும் நல்லா வரட்டுமெண்டு நினைச்சன்."

நான் ஏசவில்லை. ஏச எனக்கு வேறு ஆள் இருந்தது.

வலிப்பு வைத்தியர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவைத்து, எங்களைப் பல் வைத்தியரிடம் அனுப்பினார். இளம் பெண் அவர். வாயைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை.

"அந்த மாத்திரை சில பேருக்கு இப்பிடிச் செய்யும். நீங்களா விடக்கூடாது அன்ரி. மேலதிகமா வளர்ந்த முரசை நான் வெட்டி விடுறன். பல்லு ஒண்டும் கழட்டத் தேவையில்லை."

"வெட்டேக்கை வலிப்பு வந்தால்?" என்று மச்சாள் கேட்டார். என் பயமும் அதுதான். வாய்க்குள் கத்தி இருக்கும்போது உடம்பு உதறினால்?

"அதுக்குத்தான் வலிப்பு டொக்டரோடை கதைச்சு நாள் குறிக்கிறன். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு வாங்கோ."

குறித்த நாள் காலை நான் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன். நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்த்தேன். "பொலிஸ்காரி" என்றார் மச்சாள். பிறகு கதவு சாத்தினார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கதிரை ஆட்டங்காண்கிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருந்தேன். தண்ணீர் உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. கதவு திறந்தபோது மச்சாள் தன் காலாலேயே நடந்து வந்தார். சொண்டு, அதுதான் உதடு, விறைத்துக் கோணியிருந்தது. பேச முடியாமல் கையை விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டினார்.

மேல் முரசு முதலில், கீழ் முரசு பிறகு. வெட்டின இடத்தை மூடி ஒரு பசை வைத்திருந்தார்கள். அதை எடுக்கும்வரை ஆறின கஞ்சியும் இளநீரும்தான். கடைசிப் பசையை எடுத்த அன்று வைத்தியர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். மச்சாள் வெகு நேரம் பார்த்தார்.

"மச்சாள், எனக்கு இவ்வளவு பல்லு இருந்ததே?"

"இருந்தது. நீர்தான் ஒளிச்சு வைச்சிருந்தனீர்."

சிரித்தார். வைத்தியரும் சிரித்தார். நான் மூக்கைச் சிந்தினேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் திருநெல்வேலியில் இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் மாட்டேன் என்றேன். அவர் இறங்கிவிட்டார், நானும் இறங்க வேண்டியதாயிற்று. பெரியம்மா வீட்டு விறாந்தையில் போய் இருந்துகொண்டு கேட்டார்.

"பெரியம்மா, இண்டைக்கு எந்தக் கோப்பையிலை தேத்தண்ணி?"

பெரியம்மா உள்ளே போய், நல்ல பீங்கான் கோப்பையில் கொண்டுவந்தார். மச்சாள் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றார். அவர் மன்னித்துவிட்டார். நான் இன்னும் இல்லை.

பிறகும் ஒன்றிரண்டு தடவை வலிப்பு வந்தது. முரசும் ஓரிடத்தில் கொஞ்சம் வளர்ந்து, வெட்ட வேண்டி வந்தது. அவர் கலங்கவில்லை. பல் தீட்டும் பிரஷ் எப்போதும் கைப்பையில் இருக்கும். மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. கோயிலில் தேவாரம் பாடும்போது அவர் குரல்தான் முன்னுக்குக் கேட்கும்.

செத்த வீட்டில் மச்சாளின் உடலை அலங்கரிக்க வந்த தம்பி என்னிடம் கேட்டான்.

"அம்மா, வாய் கொஞ்சம் திறந்திருக்கு. துணியாலை கட்டிவிடட்டோ?"

"வேண்டாம் ராசா. மூடி வைச்சிருந்தது போதும்."

பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. நான் கடைசியாகப் போட்டேன். சொண்டுக்குள் பல் வரிசை தெரிந்தது.

தனியப் போம் மச்சாள். விழுவீரென்ற பயமில்லை. இனி ஒருத்தரும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வரத் தேவையில்லை.