விண்கலத்துக்கு நான் வைத்த உறவுமுறை

மழையையும் மூடுபனியையும் மலைக்குக் கொடுத்து, அவற்றினிடையே வேலேந்தித் தானும் நிற்கும் பெருமானை முதற்கண் வணங்குகிறேன். அவனுக்குத் தெரியாத மொழி இல்லையாதலால் அவனுக்குப் பின்னணிக் குரல் வேண்டியதில்லை. மனிதர்க்கு வேண்டியிருக்கிறது. பிறமொழியார் வாயசைக்க, அந்த அசைவுக்குள் அடங்குமாறு தமிழ் வசனம் எழுதித் தருவதே என் தொழில். இதில் உழலும் அன்பர்களே, நாம் எழுதியதை எவரும் ஏட்டில் வாசிப்பதில்லை. தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு, மறுநாள் தெருவில் நம்மை வழிமறிக்கிறார்கள்.

தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற நான், ஹட்டனில் என் வீட்டிலிருந்தபடியே கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்கு எழுதுகிறேன். அது ஒரு விண்வெளித் தொடர்; என் மூத்த மகன் பிறக்குமுன்பே மூலமொழியில் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை. காலையில் கோயிலில் புராணத்துக்கு உரை சொல்வேன். பகலில் விண்கலத்துக்கு வசனம் எழுதுவேன்.

மரியாதை

விண்கலத்தின் தலைவர் பெயர் கேலன். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவள் நைரா; அவரினும் பத்து வயது இளையவள். மூலத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லியே அழைக்கிறாள். மூத்தவரை ஓர் இளம்பெண் வெறும் பெயரால் விளிப்பதற்கு என் பேனா உடன்படவில்லை. ‘கேலன்’ என்னும்போது வாய் இருமுறை திறக்கிறது. ‘அண்ணா’ என்பதற்கும் அப்படியே. ஆறு ஆண்டுகளுக்கு முன் ‘அண்ணா’ என்றே எழுதினேன். வாயும் பொருந்தியது, மனமும் ஆறியது.

அந்நாளில் மஸ்கெலியா பஸ்ஸின் நடத்துநர் டிக்கட்டைக் கிழித்துத் தந்தபடியே சொன்னார்: “வானத்துல பறந்தாலும் அந்தப் புள்ள மரியாதைய விடலீங்க மாஸ்டர். எங்க தங்கச்சி என்னையப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுது.”

முந்திப் பார்க்காத வழக்கம்

புராணம் படிக்கையில் மறுநாளைக்குரிய பகுதியை நான் முந்திப் பார்ப்பதில்லை. அடியார்க்கு வரும் சோதனையைக் கேட்போரோடு சேர்ந்தே நானும் அறியவேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த பிழை. புதிய பகுதிகள் பத்துக்கும் கதைச்சுருக்கம் முன்கூட்டியே வந்திருந்தது. நான் திறக்கவில்லை. முதல் இரண்டு பகுதிகளையும் வழக்கம்போல ‘அண்ணா’ போட்டு எழுதி அனுப்பினேன்.

இரண்டாம் பகுதி முடிந்ததும், அடுத்த வாரத்துக்கான முன்னோட்டம் காட்டினார்கள். கேலன் நைராவின் விரலில் மோதிரம் இடுகிறார். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அருகிலிருந்த என் மனைவி திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள்: “இந்தப் பாவத்த எங்க கொண்டுபோய்க் கழுவப் போறீங்க?”

கொழும்பிலிருந்து

திங்கட்கிழமை தயாரிப்பாளர் தொலைபேசியில் வந்தார். நல்ல பெண்மணி, குரலை உயர்த்தாமல் பேசுவார், அதனாலேயே அச்சமாயிருக்கும். பார்ப்பவர்களின் கருத்துகள் குவிந்துவிட்டனவாம். கலத்தின் வேகம் பற்றி ஒருவரும் எழுதவில்லை. புதிய கோள் பற்றியும் இல்லை. ‘அண்ணன் தங்கைக்குக் கல்யாணமா?’ என்பதே எல்லாவற்றிலும். மூன்றாம் பகுதியை வியாழனுக்குள், இதற்கு வழிகண்டு, நான் எழுதித் தரவேண்டும். அது எடுபடாவிட்டால் எஞ்சியவை வேறொருவருக்குப் போகும். அந்தக் கலத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டுகளாகப் பேசக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர்களை இன்னொருவர் வீட்டில் விடுவதை நினைத்தால் நெஞ்சு ஒப்பவில்லை.

அவர் கடைசியாகச் சொன்னது: “பழைய பகுதிகளத் திருத்த ஏலாது மாஸ்டர். ஆறு வருஷமா அண்ணான்னு கூப்பிட்டத சனம் மறக்காது.”

பீட்டர் மாஸ்டரின் வாதம்

என்னோடு படிப்பித்த பீட்டர் மாஸ்டர் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர். தொடரை ஒரு வாரமும் தவறவிடாதவர். என் கவலையைக் கேட்டுச் சிரித்தார். பக்தி நூல்களில் அடியார் இறைவனை ஒரு பாட்டில் தந்தை என்கிறார், மறுபாட்டில் காதலன் என்கிறார், யாரும் முறையிடவில்லையே என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அவர் இன்னும் ஒருபடி மேலே போனார்: “எங்க சபையில அத்தன பேரும் சகோதரன் சகோதரிதான். அதுக்காக எவனாவது கல்யாணம் கட்டாம இருக்கானா?”

பேக்கரிக்காரரின் வியப்பு

எங்கள் தெரு முனையில் பேக்கரி வைத்திருக்கும் சிங்களவர், தமிழ் பழகுவதற்காகவே இத்தொடரைப் பார்ப்பவர். பாண் வாங்கப் போன என்னிடம், இதிலென்ன குற்றம் என்று மெய்யாகவே புரியாமல் கேட்டார். அவர் மொழியில் அண்ணனுக்கு ‘அய்யா’ என்று பெயர். பாணைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “எங்கட பொம்புளைங்க கட்டப்போற ஆளையே அய்யான்னுதான் சொல்றது. என்ட நோனாவும் கட்ட முந்தி அப்பிடித்தான் சொன்னது. இப்பத்தான் ஒண்ணும் சொல்றதில்ல, ஏசுறது மட்டும்தான்.”

ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் கருத்து எழுதியவர்கள் அனைவரும் தமிழர்.

செல்லம்மா சொன்னது

புதன்கிழமை காலை, கோயிலில் உரை முடிந்தபின் செல்லம்மா வந்தாள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், ஐம்பது வயதிருக்கும். அன்று வேலை இல்லாததால் கேட்க வந்திருந்தாள். திருநீறு வாங்கிக்கொண்டு, “டீவியில வர்ற அந்தப் புள்ளைக்கு எப்பங்க கல்யாணம்?” என்றாள். என் சங்கடத்தை அவளிடமும் சொன்னேன். அவளுக்கு அது சங்கடமாகவே படவில்லை. லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வளர்கிறவர்கள் மூத்தவனை அண்ணன் என்னாமல் வேறென்ன சொல்வார்கள் என்று கேட்டாள். பிறகு முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு தன் கதையைச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரு பக்கத்துக் காம்பராதாங்க. சின்னதுலருந்து அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிட்டேன். ஒருநாள் மலையில வழுக்கி விழப் பாத்தேன், கூடையோட சேத்துப் புடிச்சிட்டாரு. அன்னையிலருந்து ஒண்ணுமே கூப்பிடல. ‘இந்தாங்க’, ‘பாருங்க’, அவ்வளவுதான். எங்கம்மா மறுநாளே கண்டுபுடிச்சிருச்சு.”

பதினொரு இடங்கள்

வீடு திரும்பியதும் மூன்றாம் பகுதியை விரித்தேன். நைரா பதினொரு இடங்களில் கேலனை அழைக்கிறாள். முதலாவது இடத்தில், எரியும் இயந்திர அறையிலிருந்து அவர் அவளை இழுத்து வெளியே விடுகிறார். அதிலிருந்தே ‘அண்ணா’வை விட்டுவிட்டேன். வேறு முறையும் வைக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. வாய் இருமுறை திறக்குமிடமெல்லாம் ‘பாருங்க’ என்றும், ‘இந்தாங்க’ என்றும், கடைசி ‘க’வை வாய்க்குள்ளேயே விழுங்கும்படி இட்டேன். குரல் கொடுக்கும் பெண்ணுக்கு ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: அழைக்கப் போய் நிறுத்திக்கொண்டவள்போலச் சொல்லவும்.

சனிக்கிழமை ஒளிபரப்பானது. ஞாயிறு முழுவதும் நான் வெளியே போகவில்லை. திங்களன்று தயாரிப்பாளர் அழைத்தார்: “ஏசி வந்த கருத்தெல்லாம் நின்டுட்டு மாஸ்டர். ‘அவ இன்னைக்கு அவர ஒண்ணுமே கூப்பிடல, கவனிச்சீங்களா’ன்னு அவங்களுக்குள்ளேயே பேசுறாங்க. இப்ப ஒரே கேள்விதான்: கல்யாணத்துல பொண்ணு வீட்டுப் பக்கம் யாரு நிக்கிறது? மிச்சப் பகுதிகள அனுப்புறேன், அதையும் நீங்களே பாத்துக்கங்க.”

ஆறு ஆண்டுகள் எழுதித் தேடிய நற்பெயரை, எழுதாமல் விட்ட பதினொரு சொற்களால் காப்பாற்றிக்கொண்டேன்.

இதைக் கேட்டவர் எவராயினும், உரிமையோடு அழைக்கும் வாயும் அழைக்காமலே அறியும் நெஞ்சும் அவர் இல்லத்தில் என்றும் குறையாதிருக்க, அந்தப் பெருமான் அருள்க.