ஏசி ரூமும் நாலு போல்ட்டும்

1. வண்டிக்கு இருக்கிறது, வீட்டுக்கு இல்லை

டிஸ்சார்ஜ் கவுண்டரில் பகல் பதினோரு மணிக்குத்தான் நெரிசல். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி வருவார்கள். அன்றைக்குக் கவுண்டருக்குள் உட்கார்ந்திருந்த என் முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். மின்விசிறி ஓடவில்லை. இரண்டு தடவை சொல்லியும் எலெக்ட்ரீஷியன் வரவில்லை. நான் அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் ஆறாவதாக நின்றவரின் முறை வந்தது.

நான் நீட்டிய பில்லை அவர் வாங்கவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து கவுண்டரில் வைத்தார்.

"இன்சூரன்ஸ் இருக்குதுங்க சார். ஒருக்கா கூட லேப்ஸ் ஆக உட்டதில்லைங்க."

பிரித்துப் பார்த்தேன். லாரியின் பாலிசி.

அவர் பெயர் துரைசாமி. ஒரே ஒரு ஆறு சக்கர லாரி. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. மனைவி சரஸ்வதி மொபெட்டிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து எங்களிடம் சேர்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள்.

"இது வண்டிக்குங்க," என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களா? அதுல ஓனர் டிரைவருக்குன்னு தனியாப் பணம் கட்டியிருக்கேன் பாருங்க. ஓனருக்கு உண்டுன்னா ஓனர் ஊட்டம்மாவுக்கு இல்லீங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாமக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் பில்லிங் பார்த்தவன் நான். இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். எஃப்சி, பர்மிட், ரோடு டேக்ஸ், வண்டி இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தேதி மனப்பாடம். வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கு மட்டும் ஒரு பாலிசி இருக்காது. அந்த ஓனர் டிரைவர் பணம், விபத்தில் அவர் உயிர் போனாலோ உறுப்பு ஊனமானாலோ கிடைக்கிற தொகை. மனைவியின் ஆஸ்பத்திரி செலவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொன்னேன்.

"அரசாங்கக் காப்பீட்டு அட்டை எடுக்கலீங்களா?"

"லாரி ஓனர்னு பேரு வெச்சுக்கிட்டு வருமானச் சர்ட்டிபிகேட்டுக்கு வரிசையில நிக்கச் சொல்றீங்களா?"

அட்டை இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அந்த வழியும் அடைந்துவிட்டது.

அதன் பிறகுதான் பில்லைக் கையில் எடுத்தார். மொத்தம் இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நானூறு. கட்டியிருந்த அட்வான்ஸ் அறுபதாயிரம். மீதி ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து நானூறு. அவர் அந்தக் கடைசி எண்ணை மட்டும் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க. மத்தியானத்துக்குள்ள கட்டிப்போடறேன்" என்றார்.

"எப்படிக் கட்டுவீங்க?"

"புரோக்கரு டீக்கடையில உக்காந்திருக்காரு. டோக்கன் அட்வான்ஸு கொண்டாந்திருக்காரு. வண்டியக் குடுத்தர்றேனுங்க."

நகை ஏற்கெனவே இன்ஜின் வேலைக்காக அடகில் இருந்தது. லாரியின் கடன் முடிந்து ஒரு தீபாவளிதான் ஆகியிருந்தது. புரோக்கர் சொன்ன விலையைக் கேட்டேன். நான் லாரிக்காரன் இல்லை. ஆனால் அடிமாட்டு விலை எது என்று எனக்கும் தெரியும்.

அவரைத் தனியாக உட்காரச் சொன்னேன். மீதி மூன்று பேரை முடித்துவிட்டு அவரிடம் போனேன்.

2. படத்தில் நாலு

பில்லிங்கில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளியின் குடும்பம் பில்லைப் படிப்பதில்லை. கடைசி வரியை மட்டும் பார்க்கிறது. மேலே இருப்பதெல்லாம் இங்கிலீஷ். அதில் பாதி சுருக்கெழுத்து. படித்தவர்களுக்கே புரியாது. எனக்கே முதல் இரண்டு வருடம் புரியவில்லை.

துரைசாமிக்கு வரி வரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். ரூம் வாடகை பதினைந்தாயிரத்து எண்ணூறு. சர்ஜன், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து ஐயாயிரம். அவர் தலையாட்டினார். ஆட்டுகிற விதத்திலேயே எதுவும் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது.

"இம்பிளான்ட் முப்பத்தெட்டாயிரம். ராடு ஒண்ணு, இன்டர்லாக் போல்ட் அஞ்சு."

தலையாட்டல் நின்றது.

"என்னதுங்க அது?"

"எலும்புக்குள்ள விட்ட ராடு. அது நகராம இருக்க மேலேயும் கீழேயும் போட்ட போல்ட்."

"போல்ட்டு நாலு தானுங்க."

"அஞ்சுன்னு போட்டிருக்கே."

"பில்லுல இருக்குமுங்க. படத்துல நாலுதான். நான்தான் தெனமும் சன்னலோரமா வெச்சுப் பாக்கறனே. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

எக்ஸ்ரே ஃபிலிமைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எண்ணினேன். நான்குதான்.

தியேட்டருக்கு இன்டர்காமில் கேட்டேன். ஒரு போல்ட் நீளம் கூடுதலாக இருந்ததால் டாக்டர் அதை எடுத்துவிட்டு வேறு சைஸ் போட்டிருக்கிறார். நீளமானது இம்பிளான்ட் சப்ளை செய்யும் டீலரின் பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டது. திரும்பியதை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. தொள்ளாயிரம் ரூபாய்.

"பட்டறையில இப்படித்தான் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? பழைய சாமானைக் கண்ணுல காட்டாம பட்டறைக்காரனுக்குக் காசு தருவனுங்களா? ஒரு வாஷரு கொறஞ்சாலும் கேப்பேன்."

"அப்புறம் இங்கே ஏன் கேக்கல?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "உசுரக் காப்பாத்துன எடத்துல நின்னு கணக்குக் கேக்கறதுங்களா? நல்லாவா இருக்கும்?"

நான் அப்போதே முடிவு செய்தேன். பில்லை லாரிப் பட்டறைப் பில்லாக மாற்றிச் சொன்னேன். எது ஸ்பேர், எது லேபர், எது ஷெட் வாடகை. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தியேட்டருக்கு வாங்கி உபயோகிக்காமல் பார்மசிக்குத் திரும்பிய ஊசி மருந்துகள் கழிக்கப்பட்டதா என்று அவரே கேட்டார். கழிக்கப்படவில்லை. ஆறாயிரத்து முன்னூறு.

"லேபரு ஒரு லட்சத்து அஞ்சாயிரமுங்களா?" என்றார் அடுத்து. "எங்கூருல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன், இதே டாக்டரு, எழுபதாயிரம்னு சொன்னாரே?"

"அவர் எந்த வார்டு?"

"ஜெனரல் வார்டு."

"நீங்க?"

"ஏசி ரூமு. அதுக்குத்தான் வாடகை தனியாப் போட்டிருக்கீங்களே?"

இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். ஏசி ரூம் என்றால் வாடகை மட்டும்தான் கூடும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ரூம் வகுப்பு ஏறினால் சர்ஜன் ஃபீஸ் ஏறும், தியேட்டர் ஏறும், ரத்தப் பரிசோதனை ஏறும், நர்சிங் ஏறும். அதே கத்தி, அதே டாக்டர், அதே டேபிள். அட்மிஷன் ஃபாரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அது இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் பின்பக்கத்தைத் திருப்புவதில்லை.

"முதல்லயே ஏசி ரூம் கேட்டீங்களா?"

"இல்லீங்க. ஆபரேஷனப்ப ஜெனரல் பெட்டுதான். ரெண்டு நாள் கழிச்சு மச்சாங்க எருமப்பட்டியிலிருந்து வாரோம்னாங்க. கட்டிக் குடுத்த பொண்ண இருபது பேருக்கு நடுவுல படுக்க வெச்சிருக்கான்னு சொல்ல மாட்டாங்களா? அதான் மாத்துனேன்."

நான் எழுந்தேன். ஆபரேஷன் நடந்தபோது ஜெனரல் பெட். மூன்றாம் நாள்தான் ஏசி ரூம். எங்கள் சாஃப்ட்வேர் வாடகையை மட்டும் நாள்படி சரியாகப் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் நோயாளி தங்கிய ரூம்களில் எது உயர்ந்ததோ அதன் விலையை முதல் நாள் வரைக்கும் பின்னோக்கிப் போட்டிருந்தது.

3. மேனேஜர் அறை

மேனேஜர், ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டரின் மைத்துனர். கெட்டவர் இல்லை. மாதக் கடைசியில் வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை அவர் தலைமேல் இருந்தது.

"சார், சிஸ்டம் போட்டதுதானே? எல்லாருக்கும் இப்படித்தான் போகுது. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்குப் பத்துப் பேரு வந்து நிப்பாங்க," என்றார்.

"பத்துப் பேருக்கும் தப்பாப் போட்டிருந்தா பத்துப் பேருக்கும் மாத்த வேண்டியதுதான். வகுப்புக்குத் தகுந்த கட்டணம்னுதான் ஃபாரத்துல இருக்கு. முந்தின நாளுக்கும் சேர்த்துன்னு எங்கேயும் இல்லை."

"நீங்க சம்பளம் வாங்கறது ஆஸ்பத்திரியிலயா, அவருகிட்டயா?"

நான் பதில் சொல்வதற்கு முன் துரைசாமி பேசினார். அவரை வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன். நிற்கவில்லை.

"ஏனுங்க, இன்னிக்கு டீசல் வெல ஏறிப்போச்சுன்னா, போன வாரம் போட்ட டீசலுக்குப் பங்க்குக்காரன் மிச்சக் காசு கேப்பானுங்களா?"

மேனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெரிய டாக்டருக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. டாக்டர் ஓபியில் இருந்தார். இரண்டே வாக்கியம்தான் பேசினார்: "அன்னிக்கு எந்த பெட்டுல இருந்தாங்களோ அந்த ரேட்டப் போடுப்பா. இதுக்கா கூப்புட்ட?"

ஆபரேஷனில் முப்பத்தைந்தாயிரம் இறங்கியது. டெஸ்ட், எக்ஸ்ரேயில் மூவாயிரம், நர்சிங்கில் இரண்டாயிரம். மருந்தும் அந்த ஒரு போல்ட்டும் சேர்த்து மொத்தக் குறைவு நாற்பத்தேழாயிரத்து இருநூறு. கட்ட வேண்டிய மீதி ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து இருநூறு. மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரின்ட் கொடுத்தேன்.

துரைசாமி கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் முகம் தெளியவில்லை. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரமும் அவரிடம் இல்லை. புரோக்கரின் ஃபோன் நான்காவது தடவையாக அடித்தது.

"வாரேனுங்க, வாரேனுங்க. ஆர்சி புக்கு கையிலதான் இருக்குது," என்று பேசிக்கொண்டே கதவுப் பக்கம் நடந்தார்.

கதவில் பெரிய மச்சான் நின்றிருந்தார். நல்லுசாமி. கோழிப்பண்ணை வைத்திருப்பவர். தங்கையைக் கூட்டிப்போகக் காருடன் வந்தவர், மேலே நேரமாவதைப் பார்த்து இறங்கி வந்திருக்கிறார்.

"ஆர்சி புக்கு எதுக்கு மாப்ள?"

துரைசாமி ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோயாளியின் கணக்கை மூன்றாம் மனிதரிடம் சொல்வது முறையல்ல. அதனால் துரைசாமியைப் பார்த்துக் கேட்டேன். "நான் சொல்லட்டுங்களா?" அவர் தரையைப் பார்த்தபடி தலையை அசைத்தார். சொன்னேன். ஏசி ரூம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து.

நல்லுசாமி கையிலிருந்த கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்களுக்காகவா? அடப் போங்க மாப்ள! எனக்கும் தம்பிக்கும் அந்தக் குளுரு ஒத்துக்காம வராண்டா பெஞ்சுலயே உக்காந்துட்டுப் போனோம். சரசு வேற போர்வை பத்தலைன்னு பொலம்புது. ஆருக்கு ஓட்டுனீங்க அந்த ஏசிய?"

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "வண்டிய வித்துப்போட்டு எந் தங்கச்சிக்கு எதுல சோறு போடுவீங்க? வித்த பொறவு எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்க ஊட்டுப் படி மிதிச்சிருப்பனா?"

"உங்ககிட்ட எப்படி மச்சான் கேக்கறது..."

"வாயிலதான் கேக்கறது. வேற எதுல கேப்பாங்க?"

முட்டை வியாபாரி அனுப்பிய பணம் அவர் கணக்கில் அன்று காலைதான் ஏறியிருந்தது. கவுண்டரில் நின்று செல்ஃபோனிலேயே முழுத்தொகையையும் கட்டினார். "கடன்தான், சும்மா இல்ல. லோடு அடிச்சுத் திருப்பிக் குடுங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் துரைசாமிக்கு மூச்சு வந்தது. இனாம் என்று சொல்லியிருந்தால் அவர் நேராக டீக்கடைக்குத்தான் போயிருப்பார்.

புரோக்கரிடம் நல்லுசாமியே போனார். என்ன பேசினார் என்று தெரியாது. புரோக்கர் குடித்த டீக்கும் இவரே காசு கொடுத்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

4. கேட்க வேண்டியது

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை அட்மிஷன் கவுண்டரில் ஒரு வழக்கத்தை வைத்திருந்தேன். ரூம் மாற்றக் கேட்டு வருகிறவர்களிடம் வாடகை வித்தியாசத்தை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. ரூம் மாறினால் இனிமேல் எவையெல்லாம் ஏறும் என்று வாயால் தமிழில் சொல்லிவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டும். மேனேஜர் முதலில் முணுமுணுத்தார். டிஸ்சார்ஜ் கவுண்டரில் சண்டை குறைந்ததும் அவரே புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து துரைசாமி தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கப் போகிறாராம். ஏஜென்ட் வருகிறார், கூட இருங்கள் என்றார். வெயிலில் பஸ் பிடித்துப் போனேன். சரஸ்வதி கம்பு ஊன்றாமல் நடந்து வந்து மோர் கொடுத்தார்.

ஏஜென்ட் நன்றாகப் பேசினார். ஐந்து லட்சம் கவர், வருடத்துக்கு இவ்வளவு பிரீமியம், எல்லாம் கேஷ்லெஸ், ஒரு ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகாது என்றார். நான் கேட்பதற்காக மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தேன். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் துரைசாமி ஆரம்பித்துவிட்டார்.

"இதுல ரூம் வாடகைக்கு லிமிட்டு இருக்குதுங்களா?"

"இருக்குங்க. அதெல்லாம் தாராளமாவே..."

"அந்த லிமிட்டத் தாண்டி ரூம் எடுத்தா வாடகையில மட்டும் வெட்டுவீங்களா, இல்ல ஆபரேஷன் காசுலயும் அதே வீதத்துல வெட்டுவீங்களா?"

ஏஜென்ட் பேனாவை மூடினார். ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார். நெடுநேரம் பேசினார். துரைசாமி அவசரப்படவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன சார், நீங்க ஒண்ணும் கேக்கலீங்களா?" என்றார் என்னிடம்.

"அவர் முதல்ல இதுக்குப் பதில் சொல்லட்டும்," என்றேன்.

மருத்துவம் செய்கிறவரைக் கும்பிடலாம், தப்பில்லை. கும்பிட்ட கையாலேயே பில்லையும் வாங்கி வரி வரியாகக் கேட்க வேண்டும். கடைசி வரிக்கு வருவதற்குள் பாதி பயம் போய்விடும். இருபத்தாறு வருடத்தில் நான் உறுதியாகக் கற்றது இதுதான்.