சரிந்த கண்ணாடி

கண்டி ஏரிக்கரையில் மேகம் இறங்கியிருக்கிறது. நீளமாக முடி வளர்த்த இளைஞர்கள் சுவர்மேல் அமர்ந்து கிட்டார் வாசிக்கிறார்கள். ஓவியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, படம் கேட்பவர்களை வரைந்து கொடுக்கிறார்கள். என்னை வரைபவள் மஞ்சுளா. வங்கி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள். அவளை நாவலப்பிட்டிக்குத் திரும்ப அழைத்துப்போக வந்திருக்கும் அவளுடைய அப்பா, குடையை ஊன்றியபடி பின்னால் நிற்கிறார்.

"மேனேஜர் திரும்பச் சேத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. கெளம்பு, பஸ் போயிரும்."

"நான் வரலப்பா."

"ரோட்டுல உக்காரவா ஒன்ன படிக்க வச்சேன்?"

மஞ்சுளா தொடர்ந்து வரைகிறாள். அவர் குனிந்து தாளைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். மறுபடியும் தாளை.

"சாரோட கண்ணாடி எடப்பக்கம் சரிஞ்சிருக்கு. நீ நேரா போட்டிருக்க."

"பாக்க நல்லா இருக்கட்டும்னுதான்."

"இருக்கிறத போடு."

கோணல் எதையும் பொறுக்காதவன் நான். கை தானாகக் கண்ணாடிக்குப் போகிறது.

"அசையாதீங்க சார்!" என்று அதட்டுகிறார் அப்பா.

தூறல் விழுகிறது. அவர் குடையை விரித்து, தான் நனைந்தபடி, தாளுக்கு மேலே பிடிக்கிறார். நாவலப்பிட்டி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போகிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.