நீர் பிரிய ஒரு மாத்திரை

தாராவியில் எங்கள் சந்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடியற்காலைப் பாங்குக்கு முன்னால் ஒரு முறை, ராத்திரி கூட்டம் குறைந்த பிறகு ஒரு முறை, அவ்வளவுதான் பொதுக் கக்கூஸுக்குப் போவார்கள். நடுவில் நாக்கு வறண்டாலும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இதையெல்லாம் ஒரு சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. மதீனா பீவி அப்படித்தான் சொல்லுவார், அதுவும் பெருமையாக.

அவர் மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் கலீலுல்லாவுக்குத் தோல்பைப் பட்டறை. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தான இரும்பு ஏணி. மெஷின்களுக்குப் பின்னால் பை தைக்கும் ஆண்கள், காரீகர்கள், காலையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கையில் தண்ணீர் டப்பாவோடு ஒரு பெண் இறங்கி வந்தால் எங்கே போகிறாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவர்கள் மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த மரியாதையைத்தான் மதீனா பீவியால் தாங்க முடியாது.

போன வருஷம் அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. கால்கள் வீங்கின, படுத்தால் மூச்சு முட்டியது. மகன் யாசர் துபாயில் இருந்தான். மருமகள் ஜுவைரியா செம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். வைத்தியம் முழுவதும் அவள் தலையில் விழுந்தது. அவளுடைய ஆஸ்பத்திரி டாக்டர்தான் பார்த்தார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, உடம்பில் தேங்கும் நீர் பிரிய ஒரு மாத்திரை. நீர் மாத்திரையைக் காலையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரித் தூக்கம் கெடும் என்று வார்டில் எல்லாருக்கும் சொல்பவள் அவள். வார்டில் கட்டிலை விட்டு இறங்கினால் பாத்ரூம். வீட்டிலும் அதே சட்டப்படி, டியூட்டிக்குக் கிளம்பும் முன் இரண்டு மாத்திரையையும் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீக்கம் வடியவே இல்லை. தவறாமல் தானே கொடுப்பதாக ஜுவைரியா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். டாக்டர் நம்பினார். இரண்டு மாத்திரையின் அளவையும் கூட்டினார். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கூட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை துணி துவைக்கும்போது மாமியாரின் முந்தானை முடிச்சில் மாத்திரைகள் கரைந்து பசையாக இருந்ததைப் பார்த்தாள். நீர் மாத்திரை எது என்று மதீனா பீவிக்குத் தெரியாததால் இரண்டையுமே நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பியிருக்கிறார்.

“இத்தன ஆம்பளயத் தாண்டி நிமிசத்துக்கு ஒரு தடவ டப்பாவத் தூக்கிட்டு எறங்கச் சொல்லுதியாளா? அதுக்கு மூச்சு முட்டி மவுத்தாப் போறேன்.”

மேலேயே ஒரு பேசின் வைக்கிறேன் என்றாள் ஜுவைரியா. நிரம்பிய பேசினும் அதே ஏணி வழியாகத்தானே இறங்க வேண்டும்? பட்டறை மூலையில் ஒரு கக்கூஸ் கட்டித் தரும்படி மாமனாரிடம் கேட்டாள். கலீலுல்லா கெட்டவர் இல்லை. இரண்டு மெஷினை எடுத்தால் ஆர்டர் நின்றுபோகும், இத்தனை வருஷம் அவள் சமாளிக்கவில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உடம்பு பழகாத மருந்தை, அதுவும் கூட்டிய அளவில், ஒரேயடியாக விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும், எழுந்து நின்றால் தலை சுற்றும். நர்ஸுக்குத் தெரியாத விஷயமா? ஆனால் சொன்னால் ஏன் துப்பினார் என்று கேட்பார்கள். தாராவி என்று சொல்லாமல், வீடு செம்பூர்ப் பக்கம் என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் அவள் சொல்லி வைத்திருந்தாள். மாமியாரைப் போலவே மருமகளுக்கும் வெட்கம்.

அதனால் லீவு போட்டுவிட்டு மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டப்பாவ நான் தூக்கிட்டுக் கூட வாறேன் மாமி. எனக்காவ முழுங்குங்க.”

மதீனா பீவி விழுங்கினார். வாயைத் திறந்தும் காட்டினார்.

முதல் இரண்டு தடவை ஜுவைரியா கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். மூன்றாம் தடவை அவள் அடுப்படியில் இருந்தாள். மறுபடியும் கூப்பிட மாமிக்குக் கூச்சம். அடக்கவும் முடியவில்லை. சட்டென்று எழுந்து ஏணியில் கால் வைத்தவர் தலைசுற்றி அப்படியே கீழே விழுந்தார்.

மெஷின்கள் நின்றன. பின்மண்டையிலிருந்து ரத்தம் வழிந்தது. நீர் பிரிந்து சேலை முழுவதும் நனைந்திருந்தது. தூக்க ஓடிவந்தவர்களைப் பார்த்ததும் மதீனா பீவி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“எல்லாரையும் வெளிய போவச் சொல்லுளா.”

எல்லாரும் வெளியே போனார்கள், கலீலுல்லாவும்தான். ஜுவைரியா நாடியைப் பிடித்துப் பார்த்தாள், விரலுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அதற்கு ஆண்கள் வேண்டும். கூப்பிட வாயெடுத்தபோது மாமி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சேலையை மாற்றிவிட்டுக் கூப்பிடு என்றார். அவள் மேலே ஓடி ஒரு சேலை எடுத்துவந்து கட்டிவிட்டாள். கொசுவம் செருகி முடிப்பதற்குள் மதீனா பீவி இறந்துபோனார்.